லாரி விட்ட இடம்

ஒரு காருக்கு ஒரு ஸ்டியரிங்தான். இருந்தும் அன்று காலை அந்தச் சின்ன வெள்ளைக் காரை மூன்று பேர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் டமாரம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்து மிதித்து ஓய்ந்துபோனவர் சித்தப்பா. பின்இருக்கையிலிருந்து இருவர் தோளுக்கும் நடுவே தலையை நீட்டி, சாலை முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவள் அம்மா.

"லாரி வருது! லாரி வருது!"

"அம்மா, அது எதிர்ப்பக்கம் போகுது."

"போகட்டும். நீ பாத்து ஓட்டு."

"எதிர்ப்பக்கம் போறதையே பாத்துக்கிட்டிருந்தா முன்னாடி இருக்கறதை யாரு பாக்கறது?"

"வாய் பேசறதுக்கு ஓட்டற நேரம்தான் கிடைச்சுதா உனக்கு?"

டமாரம் என்பது பிறந்த அன்று அவள் அழுத அழுகைக்கு அப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடத்துக்கு வேறு பெயர் இருந்தது. வீட்டில் அது செல்லவில்லை. அப்பா போன பிறகு, அவர் வாயால் வந்தது என்பதற்காகவே இந்தப் பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

டமாரத்துக்கு வேலை கிடைத்த சந்தோஷம் அந்த வீட்டில் அரை நாள்கூட நிற்கவில்லை. மருந்துக் கிடங்கில் தரம் பார்க்கும் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். கிடங்கு இருப்பது துறைமுகச் சாலையின் கோடியில். பேருந்து அந்தப் பக்கம் தலைகாட்டாது. கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் மட்டும் இரவும் பகலும் போய் வந்துகொண்டிருக்கும்.

அந்தச் சாலையில்தான், போன வருடம், ஸ்கூட்டரில் போன அப்பா ஒரு லாரியின் பக்கவாட்டில் சிக்கித் திரும்பி வராமல் போனார்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். "திங்கட்கிழமைக்கு முன்னாடி அந்த ரோட்டுல என் கண் முன்னாடி ஓட்டிக் காட்டு. என் மனசுக்குச் சரின்னு பட்டா போ. இல்லைன்னா அந்த வேலையே வேண்டாம். பேச்சு அவ்வளவுதான்."

டமாரம் மண்டையை ஆட்டிவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் சித்தப்பாவுக்கு போன் போட்டுவிட்டாள். டிரெய்லர் ஓட்டுவது அவருடைய தொழில். துறைமுகச் சாலையின் பள்ளம் மேடெல்லாம் அவருக்கு அத்துப்படி.

காலையில் வாசலுக்கு வந்தபோது, காரின் முன்கதவைப் பிடித்துக்கொண்டு கொழுந்தன் நிற்பதை அம்மா பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து ஏறி, கதவை அறைந்து சாத்தினாள். அந்த அறையே பாதிப் பேச்சு.

சித்தப்பாவோடு அவள் பேசி ஒரு வருடம் ஆகிவிட்டது. அம்மாவுக்குப் பேச வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை அவளுடையது. வாயைத் திறக்கவே பயந்து வருகிறவர்களைப் பேச்சுக் கொடுத்தே உள்ளே அனுப்புகிறவள். சித்தப்பாவைக் கண்டால் மட்டும் அவள் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

காரணம் ஒரு வாக்கியம். அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், சுவரில் சாய்ந்து நின்றபடி, யாரையும் பார்க்காமல் அவர் சொன்னது: "அண்ணன் அங்க போயிருக்கக் கூடாது."

உள்ளே படுத்திருக்கிற மனிதருக்கு இன்னும் துணிகூடப் போர்த்தவில்லை. அதற்குள் குற்றம் சொல்லியாயிற்று. அதுவும் கூடப் பிறந்தவன். அதுவும் லாரிக்காரன். லாரிக்காரன் லாரிக்காரனைத்தானே தாங்குவான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

பிறகு துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். "அப்படி என்ன அவசரம் அவருக்கு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவசரமா? ஸ்கூட்டரில் ஹாரன் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்ட மனிதர். சிக்னலில் பச்சை விழுந்தும் மற்றவர்கள் போகட்டும் என்று நின்று, பின்னால் வருகிறவர்களிடம் திட்டு வாங்குகிறவர். அவருக்கா அவசரம்?

ஆனால் அவளுக்கும் பதில் தெரியவில்லை. அதுதான் அவளை அரித்தது. துணி மடிக்கும்போது, அடுப்பைத் துடைக்கும்போது, திடீரென்று எரிச்சல் பொங்கிக்கொண்டு வரும். ஏங்க அங்க போனீங்க? அந்த இடத்துல உங்களுக்கு என்ன வேலை? செத்துப்போனவரோடு ஒரு வருடமாக அவள் போட்டுக்கொண்டிருந்த சண்டை அது.

"அம்மா, முன்னாடி ஒரு டிரெய்லர். சந்தோஷமா?" என்றாள் டமாரம்.

நீலக் கண்டெய்னர் ஒன்று வானத்தை மறைத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"பின்னாடியே போ. பக்கத்துல மட்டும் போயிடாதே. ஒட்டிப் போ, நடுவுல எவனாவது பூந்துடப் போறான்."

இது அம்மா கண்டுபிடித்த சட்டம். லாரிக்குப் பக்கத்தில் போனதால்தானே அவர் போனார்? அப்படியானால் லாரிக்குப் பின்னால் போகிறவருக்கு ஒன்றும் ஆகாது. முன்னால் போகிற லாரி பின்னால் வருகிறவளை என்ன செய்துவிடும்? டமாரத்துக்கு லைசென்ஸ் வந்த நாளிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி, அவள் தூக்கத்தில்கூட லாரிக்குப் பின்னால்தான் போவாள் என்கிற அளவுக்குப் பழக்கியிருந்தாள்.

சித்தப்பா கண்ணாடியை நோக்கிச் சொன்னார். "டமாரம், உங்க அம்மாகிட்ட சொல்லு. இவ்வளவு ஒட்டிப் போனா அந்த டிரைவருக்கு நம்ம வண்டி தெரியவே தெரியாது. அவன் கண்ணாடியில லாரியோட ரெண்டு விலாவும்தான் தெரியும். முதுகு தெரியாது."

"அம்மா, லாரிக்கு முதுகுல கண் இல்லையாம்."

"எனக்கும்தான் இல்ல. நான் நல்லாத்தானே நடமாடிக்கிட்டிருக்கேன். சொல்லு."

"சித்தப்பா, அம்மா நல்லா நடமாடறாங்களாம்."

"டமாரம், விளையாடற நேரமா இது? அவன் எதுக்காவது பிரேக் அடிச்சா நமக்கு முன்கூட்டியே தெரியுமா? நம்ம கண்ணுக்குத் தெரியறது ஒரு நீலச் சுவரு. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? அதை உங்க அம்மாகிட்ட..."

"அம்மா, சித்தப்பா என்ன சொல்றாருன்னா..."

சுவர் நின்றது.

டமாரம் பிரேக்கில் ஏறி நின்றாள் என்றே சொல்ல வேண்டும். டயர்கள் கத்தின. அம்மாவின் நெற்றி முன்இருக்கையின் முதுகில் மோதியது. கார் நின்றபோது கண்டெய்னர் கதவின் தாழ்ப்பாளும், அதில் முறுக்கியிருந்த கம்பியும், கம்பியில் தொங்கிய சின்ன முத்திரையும் முகத்துக்கு நேரே தெரிந்தன. பானெட்டின் நுனி எங்கே முடிகிறது, லாரி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

முன்னால் ஏதோ மாடோ மனிதரோ குறுக்கே போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் லாரி புகையைக் கக்கிவிட்டு நகர்ந்து போனது. தன் முதுகில் மூன்று உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது அதற்குக் கடைசி வரை தெரியாது.

அம்மா நெற்றியைத் தடவிக்கொண்டாள். சட்டம் பொய்த்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அதற்காக ஒத்துக்கொள்ள முடியுமா?

"அவன் ஏன் அப்படி நிறுத்தினான்னு கேளு."

"யாரைக் கேக்கறது? லாரியையா? சித்தப்பாவையா?"

"உங்க சித்தப்பாவைத்தான். அவரு ஆளுங்கதானே."

சித்தப்பா பெருமூச்சு விட்டார். "தள்ளி வா டமாரம். இன்னும் தள்ளி. அவன் பக்கவாட்டுக் கண்ணாடி ரெண்டும் உன் கண்ணுக்குத் தெரியணும். கண்ணாடியில அவன் மூஞ்சி தெரிஞ்சா இன்னும் நல்லது. நீ அவனைப் பாத்தாதான் அவன் உன்னைப் பாப்பான். இதுதான் கணக்கு."

டமாரம் தள்ளி வந்தாள். உடனே ஒரு வேன் வந்து அந்த இடைவெளியில் பூந்துகொண்டது.

"பாத்தீங்களா?" என்றாள் டமாரம்.

"பூந்துக்கட்டும். மறுபடி தள்ளி வா."

தள்ளி வந்தாள். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பூந்துகொண்டன.

"மறுபடியும் தள்ளி வா."

"இப்படியே தள்ளித் தள்ளி வந்தா சாயங்காலத்துக்குள்ள நம்ம வீட்டு வாசலுக்கே போய்ச் சேந்துடலாம்னு சொல்லு உங்க சித்தப்பாகிட்ட."

சித்தப்பாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அண்ணி இப்படிப் பேசி அவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அம்மா அதைக் கவனித்தாள். கவனித்ததற்காக இன்னும் எரிச்சலானாள்.

டமாரத்துக்குப் பொறுமை போய்விட்டது. "நான் கியர் மாத்தறதா, இல்ல உங்க ரெண்டு பேர் பேச்சை மாத்தி மாத்திச் சொல்றதா? அம்மாவுக்கும் காது கேக்குது, உங்களுக்கும் காது கேக்குது. நடுவுல நான் எதுக்கு? இன்னொரு தடவை 'சொல்லு'ன்னு யாராவது சொன்னீங்க, இந்தச் சாவியைப் பிடுங்கிக்கிட்டு நடந்தே போயிடுவேன். அப்புறம் நீங்களும் உங்க லாரியும்!"

கொஞ்ச தூரம் அப்படியே போனார்கள். ஏசி வேலை செய்யாததால் கண்ணாடிகளை இறக்கியிருந்தார்கள். டீசல் புகையும் புழுதியும் தாராளமாக வந்து உட்கார்ந்தன.

துறைமுக வாயிலுக்குப் பிரியும் முனை வந்தது. இடது பக்கம் திரும்பினால் துறைமுகம், நேராகப் போனால் கிடங்குகள். முன்னால் இருந்த வேனும் மோட்டார் சைக்கிள்களும் எங்கோ விலகிப் போய்விட, இப்போது காருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது ஒரு நீளமான டிரெய்லர். மேலே இரண்டு கண்டெய்னர்கள், ஒன்றன் பின் ஒன்றாக.

இந்த முனையில்தான் அப்பா போனார். மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் வெளியே பார்த்தார்கள். ஒரு மின்கம்பம், ஒரு மூடிய பஞ்சர் கடை, எண்ணெய் சிந்திக் கறுத்த தார். வேறு எதுவும் இல்லை. ஒரு மனிதர் போன இடத்துக்கு இப்படிச் சாதாரணமாக இருக்க எப்படி மனசு வருகிறது என்று அம்மா நினைத்தாள்.

டிரெய்லர் வேகத்தைக் குறைத்தது. அதன் மூக்கு மெல்ல வலது பக்கம் விலகத் தொடங்கியது.

"என்னடா இது? இடது பக்கம் லைட் போட்டுட்டு வலது பக்கம் போறான்! இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தா?" என்றாள் டமாரம்.

லாரி இன்னும் விலகியது. அடுத்த வரிசையையும் பாதி அடைத்துக்கொண்டு வலதுபுறம் ஒதுங்கியது. இடது பக்கம் சாலை திறந்துகொண்டது. அகலமாக, வெளிச்சமாக, ஒரு ஆளும் இல்லாமல். காலையிலிருந்து லாரியின் முதுகையே பார்த்து நொந்த கண்ணுக்கு, முதல் தடவையாகத் தூரத்து மரங்கள் தெரிந்தன. வழியில் நின்று பேசிக்கொண்டிருக்கிற பெரிய மனிதர் நம்மைக் கண்டதும் சற்று ஒதுங்கி, நீங்க போங்க என்று கை காட்டுவது போலிருந்தது.

அம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, ஒருத்தனாவது மரியாதை தெரிந்தவன்.

"இடம் விட்டுட்டான் பாரு. எவ்வளவு நேரம் அவன் பின்னாடியே ஊர்றது? போ, போயிடு."

டமாரம் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். கார் அந்த வெளிச்சத்தை நோக்கித் தாவியது.

"டமாரம், அம்மாகிட்ட சொல்லு, அது நமக்கு விட்ட..." என்று ஆரம்பித்தார் சித்தப்பா. ஒரு வருடப் பழக்கம். வாய் அந்தத் தடத்தில்தான் ஓடியது. பாதியில் அவருக்கே உறைத்தது.

"அண்ணி, வேணாம்! டமாரம், நிறுத்து! நிறுத்து!"

கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கார் பின்புறம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு, குலுங்கி, டிரெய்லரின் கடைசிச் சக்கரங்களுக்குக் கொஞ்சம் பின்னால் நின்றது. என்ஜின் அணைந்துவிட்டது.

பிறகு நடந்ததை மூவரும் பார்த்தார்கள்.

வலது பக்கம் ஒதுங்கிய லாரியின் மூக்கு இப்போது இடது பக்கம் வளைந்தது. மூக்கு போன வழியில் உடம்பு போகவில்லை. அது குறுக்கு வழியில் வந்தது. முதலில் கண்டெய்னரின் நடுப்பகுதி அந்தத் திறந்த இடத்துக்குள் சாய்ந்து வந்தது. பிறகு பின்சக்கரங்கள், வரிசை வரிசையாக, நடைபாதையின் விளிம்பை உரசிக்கொண்டு. அவசரமே இல்லாமல், ஒரு பெரிய கதவைச் சத்தம் வராமல் சாத்துவது போல. வெளிச்சம் குறுகியது. மரங்கள் மறைந்தன. கார் போயிருக்க வேண்டிய இடத்தில் இப்போது இரும்பு மட்டும் இருந்தது.

லாரி துறைமுகத்துக்குள் போய்விட்டது. இண்டிகேட்டர் கடைசி வரை இடது பக்கமே மின்னிக்கொண்டிருந்தது. அது ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. யாரோ எட்டிப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். டமாரம் சாவியைத் திருகி, காரை மூடிய பஞ்சர் கடை முன்னால் ஓரம் கட்டினாள்.

அம்மா கதவைத் திறந்தாள், ஆனால் இறங்கவில்லை. காலை மட்டும் வெளியே வைத்து, தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் போன்னு சொன்னேன்," என்றாள்.

"விடும்மா."

"என் வாயால சொன்னேன். லாரி பக்கத்துல போகாதேன்னு ஒரு வருஷமா உன் உயிரை எடுத்தவ நான். இதே இடத்துல. நானே போன்னு சொன்னேன்."

அவள் மகளிடம் பேசுவது போலத்தான் ஆரம்பித்தாள். ஆனால் கண் முன்இருக்கையில் இருந்தவரின் பிடரியில் நின்றது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரிப் பிடரி. காலையிலிருந்து பார்க்காமல் இருக்க அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும்.

"தம்பி."

சித்தப்பா சட்டென்று திரும்பவில்லை. திரும்பினால் அந்தச் சொல் போய்விடுமோ என்று பயந்த மாதிரி இருந்தார்.

"தம்பி, அன்னிக்கும் இப்படித்தானா?"

"ஆமா அண்ணி."

"அவருக்கும் இதே மாதிரி இடம் தெரிஞ்சுதா? இப்படி, தாராளமா?"

"இதே மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். நீளமான வண்டி இடது பக்கம் திரும்பணும்னா மொதல்ல வலது பக்கம் வாங்கித்தான் ஆகணும். இல்லைன்னா பின்சக்கரம் முனையில ஏறிடும். பாக்கறவங்களுக்கு அது ஒதுங்கி வழி விட்ட மாதிரி இருக்கும். விடல. அது அவன் திரும்பறதுக்கு எடுத்துக்கற இடம். அந்த நேரத்துல அந்தப் பக்கம் யாரு நின்னாலும் டிரைவருக்குத் தெரியாது."

"அப்ப நீ அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"அண்ணன் அங்க போயிருக்கக் கூடாதுன்னு."

இப்போது அவர் திரும்பினார். முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. "அதுக்கா அண்ணி? அதுக்காகவா இவ்வளவு நாளா..." தலையில் கையை வைத்துக்கொண்டார். "நான் எந்த அர்த்தத்துல சொன்னேன்... அண்ணன் தப்புப் பண்ணிட்டாருன்னா சொன்னேன்? அது மனுஷன் போற இடமே இல்ல அண்ணி. ஆனா பாத்தா இடம் மாதிரியே இருக்கும். யாரா இருந்தாலும் போவாங்க. நான் லாரி ஏறாம இருந்திருந்தா நானும் போயிருப்பேன்."

"அவசரம் இல்லதானே?"

"அண்ணனுக்கா? அவரு ஸ்கூட்டரை முந்தி சைக்கிள் போகும்."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது வேறு ஒன்றாக மாறிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருடமாக அவரோடு போட்ட சண்டை எல்லாம் அநியாயம். வழியை மறித்துக்கொண்டு நிற்கக் கூடாதே, இவ்வளவு இடம் விட்டிருக்கிறாரே, சீக்கிரம் போய்விடுவோம் என்று மரியாதைக்குக்கூடப் போயிருப்பார் அந்த மனுஷர். அவர் சுபாவம் அது. கை தூக்கி நன்றிகூடச் சொல்லியிருப்பார்.

டமாரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஆனால் டமாரம் டமாரம்தான்.

"ஆக, ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதுக்கு என்னை ஒரு வருஷம் போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்க. அன்னிக்கே ரெண்டு பேரும் வாய்விட்டுச் சண்டை போட்டுத் தொலைச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். குடும்பமா இது?"

"சரி, விடு," என்றார் சித்தப்பா.

"என்னத்தை விடறது? இப்ப 'அம்மாகிட்ட சொல்லு'ன்னு ஆரம்பிச்சீங்களே, அந்த ரெண்டு வார்த்தையில நம்ம மூணு பேர் கதையும் முடிஞ்சிருக்கும்." அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் தந்தி அடித்தன. "பாருங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டு திங்கட்கிழமை நான் எங்க போறது? வேண்டாம்மா. நீ சொன்னதுதான் சரி. இந்த வேலை வேண்டாம். நீங்க ஓட்டுங்க சித்தப்பா, வீட்டுக்குப் போவோம்."

அம்மா இதைத்தான் காலையில் எதிர்பார்த்தாள். இந்தச் சாலையைப் பார்த்து மகள் பயந்து, வேலை வேண்டாம் என்று தானே சொல்ல வேண்டும். பழி தன்மேல் விழக் கூடாது. உண்மையைச் சொன்னால், அந்த நிபந்தனையே அதற்காக வைத்ததுதான். இப்போது அது கையில் வந்து விழுந்தது. 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகள் வீட்டில் இருப்பாள். உயிரோடு இருப்பாள். தன்னைப் போலவே ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் திடுக்கிட்டுக்கொண்டு இருப்பாள்.

வெளியே வைத்திருந்த காலை உள்ளே எடுத்து, அம்மா கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை அறையவில்லை.

"தண்ணி குடி. குடிச்சிட்டு வண்டியை எடு."

"அம்மா!"

"எடுன்னேன். தெரியாத வரைக்கும் பயந்தோம், சரி. இப்பதான் தெரிஞ்சுபோச்சே. தம்பி, நீ சொல்லிக் குடு. நான் வாயைத் திறக்கல."

"நீங்களா?" என்றார் சித்தப்பா.

"திறந்தா ஏன்னு கேளு."

கார் மறுபடி சாலையில் ஏறியது. கிடங்குகளுக்குப் போகும் நேர்ச்சாலை, பக்கத்துக்கு இரண்டு வரிசை. முன்னால் ஒரு டேங்கர் ஏற்றத்தில் முக்கி முனகிக்கொண்டு ஏறியது.

"இவனைத் தாண்டப் போறோம். வலது பக்கமா. டிரைவர் உக்காந்திருக்கற பக்கம் அதுதான், அந்தப் பக்கம்தான் அவனுக்குக் கொஞ்சமாவது தெரியும். இடது பக்கம் போகவே போகாதே. இண்டிகேட்டர் போடு. பின்னாடி பாத்துக்கோ. இன்னொண்ணு, தாண்டறதுன்னு முடிவு பண்ணிட்டா பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது. நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் நீ அவனுக்கு இல்லாத ஆளு."

டமாரம் வலது வரிசைக்கு வந்தாள். டேங்கரின் பின்சக்கரங்கள் இடப்பக்க ஜன்னலுக்கு நேரே வந்தன. அம்மா உட்கார்ந்திருந்த உயரத்துக்கு அந்தச் சக்கரத்தின் நட்டுகள் சுழன்றன. அந்தக் காற்று காரையே இழுப்பது போலிருந்தது. டமாரத்தின் கால் தன்னை அறியாமல் தளர்ந்தது. கார், டேங்கரின் இடுப்புக்குப் பக்கத்தில், அதே வேகத்தில், அதனோடு கட்டிப்போட்ட மாதிரி ஓடியது.

அம்மா வாயைத் திறப்பதில்லை என்று சொல்லியிருந்தாள். பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"நிக்காதே. போ." குரல் கத்தலாக வரவில்லை. ஆஸ்பத்திரியில் பயந்தவர்களை உள்ளே அனுப்பும் குரல். "நான் பாத்துக்கிட்டிருக்கேன். போ, தாண்டு. போ."

டமாரம் மிதித்தாள். டேங்கரின் கதவு போனது, கண்ணாடி போனது, அதில் ஒரு கணம் ஒரு மீசை தெரிந்து மறைந்தது. முன்னால் சாலை விரிந்தது.

"உடனே அவன் முன்னாடி பூந்துடாதே," என்றார் சித்தப்பா. "அவ்வளவு பாரத்தை வச்சுக்கிட்டு அவனால சட்டுனு நிறுத்த முடியாது. உள்கண்ணாடியைப் பாரு. அவன் ரெண்டு ஹெட்லைட்டும் தெரியுதா? ம்... இப்ப வா."

கார் இடது வரிசைக்கு வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டமாரம் வாயால் காற்றை ஊதினாள். அம்மா தன் கையைப் பார்த்தாள். முன்இருக்கையின் உறையை இறுக்கிப் பிடித்ததில் நகம் பதிந்து துணி கிழிந்திருந்தது.

"வாயைத் திறக்க மாட்டேன்னீங்க," என்றார் சித்தப்பா.

"போடா," என்றாள் அம்மா. அந்த 'டா'வைக் கேட்டும் ஒரு வருடம் ஆகியிருந்தது.

சாலையின் இருபக்கமும் கிடங்குகளின் நீண்ட கூரைகள் தெரிய ஆரம்பித்தன. மருந்துக் கிடங்கின் பெயர்ப்பலகை தூரத்தில் பச்சையாகத் தெரிந்தது. டமாரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதோ, அதுதான் நம்ம கேட்," என்றாள், இப்போதே அங்கே வேலை பார்ப்பவள் மாதிரி.

சித்தப்பா அந்தப் பலகையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"அண்ணி, நேராப் பேச ஆரம்பிச்சாச்சு. இன்னொண்ணையும் நேரா சொல்லிடறேன். அப்புறமா வேற யார் வாயாலயாவது தெரிஞ்சு, அதுக்கு ஒரு வருஷம் நீங்க பேசாம இருந்தா என்னால தாங்க முடியாது."

"என்னது?"

"அன்னிக்கு அந்த லாரியை ஓட்டினவரு இப்ப வண்டி ஓட்டறதில்ல. கையே வரலைன்னு விட்டுட்டாரு. உங்களை ஒரு தடவை பாக்கணும்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்காரு. நான்தான் வேணாம் வேணாம்னு தள்ளிக்கிட்டே வர்றேன்."

அம்மா இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டினாள்.

"எங்க இருக்காரு?" என்று கேட்டாள் அம்மா.

சித்தப்பா பச்சைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கீழே இரும்புக் கதவும், கதவருகே காவலாளியின் சின்னக் கூண்டும் தெரிந்தன. கூண்டுக்கு வெளியே வெயிலில் நின்று ஒரு மனிதர் வண்டிகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

டமாரத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து விலகியது. கார் சாலையின் நடுவில் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"அம்மா, திருப்பிடட்டுமா?"

பின்னால் அந்த டேங்கர் ஏற்றத்தைத் தாண்டி இறங்கி வந்துகொண்டிருந்தது. அதன் ஹாரன் ஒருமுறை நீளமாக ஒலித்தது. அம்மா திரும்பி அதைப் பார்த்தாள். பிறகு முன்னால், கதவருகே நின்ற அந்த மனிதரைப் பார்த்தாள்.

"பின்னாடி லாரி வருது. நடு ரோட்டுல நிக்காதே," என்றாள். "நேரா ஓட்டு."